சாலை ஏன் பெயர்ந்தது: தகவல் உரிமை மனுவில் இதை எப்படிக் கேட்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் போட்ட தார்ச்சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. "சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பழுதானது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?" என்று கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டிருக்கிறீர்கள். "தாங்கள் கோருவது பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. இந்தச் சட்டத்தால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு, நிறையவே உண்டு. அந்தப் பதிலை எழுதியவர் உங்களுக்கு உதவ நினைக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனால் சட்டப்படி அவர் எழுதியதில் தவறும் இல்லை. நீங்கள் விளக்கம் கேட்டீர்கள். இந்தச் சட்டம் தருவது ஆவணம். மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிவு 2(எஃப்) தகவல் என்று எதைச் சொல்கிறது? பதிவேடு, ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, சுற்றறிக்கை, ஆணை, வாகன ஓட்டப் பதிவேடு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி, கணினியில் உள்ள தரவு என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. எல்லாமே ஏற்கெனவே எங்கோ இருக்கிற பொருள்கள். "கருத்து" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அதிகாரியிடம் புதிதாகக் கருத்துக் கேட்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2011-இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோப்பில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் கருத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும், உங்களுக்காகப் புதிதாக ஒரு கருத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்புதான் தேர்வு எழுதியவருக்குத் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமையையும் உறுதி செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வழக்கு. தன் வழக்கில் நீதிபதி ஏன் சில ஆவணங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். அப்படிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் "ஏன்" என்பதற்கு விடையே கிடைக்காதா? கிடைக்கும். அரசு அலுவலகத்தில் எந்த முடிவும் காகிதத்தில் கால் வைக்காமல் நகராது. சாலை ஏன் பெயர்ந்தது என்பதற்கான விடை அந்தச் சாலையின் கோப்பிலேயே இருக்கிறது. கோப்பைக் கேட்டு வாங்கி, விடையை நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சாலை போடும்போது என்னென்ன காகிதம் பிறக்கிறது என்று பாருங்கள். முதலில் நிர்வாக அனுமதி ஆணை. எந்தத் திட்டத்தில், எவ்வளவு பணம், எங்கிருந்து எங்கு வரை என்பது அதில் இருக்கும். அடுத்து மதிப்பீடு, அலுவலகத்தில் எல்லாரும் எஸ்டிமேட் என்றுதான் சொல்வார்கள். சாலையின் நீளம், அகலம், ஜல்லி எத்தனை அடுக்கு, தார் கலவை எவ்வளவு கனம் என்று இஞ்சினியர் கணக்குப் போட்டது. பிறகு டெண்டர் அறிவிப்பு, வந்த ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்ட பட்டியல், ஒப்பந்தம், வேலை உத்தரவு. வேலை நடக்கும்போது அளவுப் புத்தகம். முடிந்த பிறகு தரச் சோதனை அறிக்கை, பணி நிறைவுச் சான்று, பில், பணம் கொடுத்ததற்கான பதிவு. இவ்வளவும் இருந்தாக வேண்டும்.

இவற்றில் மிக முக்கியமானது அளவுப் புத்தகம், அதாவது எம்-புக். வேலை நடந்த இடத்துக்குப் போய் அளந்து, எந்த அடுக்கு எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் தன் கையெழுத்தில் பதிந்து ஒப்பமிடும் புத்தகம் அது. அதற்கு மேலுள்ள பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் பில் போடப்படுகிறது. எஸ்டிமேட்டில் ஒரு கனம் இருந்து, எம்-புக்கிலும் அதே கனம் எழுதியிருந்து, உங்கள் தெருவில் பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்து அளந்தால் பாதிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் "ஏன்" என்று யாரையும் கேட்க வேண்டாம். யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டாம், கையெழுத்து அங்கேயே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்துக்குள் பழுது வந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையாக இருந்தால், போட்டவரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. "என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்" என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

இந்தச் சட்டமே இப்படிக் காகிதத்தைக் கேட்டுப் பிறந்ததுதான். ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்கள் கூலித் தொழிலாளர்களோடு வேலை செய்தார்கள். குளம் வெட்டும் வேலைக்கும் சாலை வேலைக்கும் போனவர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் முழு அளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அது அரசு ரகசியம் என்று மறுத்தார்கள். எப்படியோ சில வருகைப் பட்டியல்களின் நகல் கிடைத்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் ஊரையே கூட்டி அவற்றை உரக்கப் படித்தார்கள். ஜன் சுன்வாய் என்ற மக்கள் விசாரணை அப்படித்தான் தொடங்கியது. தொடர்ந்து நடந்த விசாரணைகளில் வேலைக்கே போகாதவர் பெயரும் இறந்துபோனவர் பெயரும் பட்டியலில் இருந்து வெளியே வந்தன. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அங்கே ஒலித்த முழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். படித்த நாம் கேள்வி கேட்டு அனுப்புகிறோம், அவர்கள் பதிவேட்டைக் கேட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு முதலிடம் உண்டு. இந்தியாவிலேயே முதலில், 1997-இல், தகவல் உரிமைக்கென்று மாநிலச் சட்டம் இயற்றியது இங்கேதான். தகவல் தர மறுக்க இடம்தரும் விலக்குகள் மிக அதிகமாக இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. இப்போது நாம் பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இனி உங்கள் மனுவைத் திருத்தி எழுதலாம். "எங்கள் ஊராட்சியில் இன்ன தெருவில், இன்ன மாதம் போடப்பட்ட தார்ச்சாலைப் பணி தொடர்பாகக் கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, ஒப்பந்தம், வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, பில் என்று ஒவ்வொன்றையும் தனி எண் போட்டுக் கேளுங்கள். இந்தச் சாலை பழுதானது குறித்து வந்த புகார்கள், அவற்றின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள், ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய கடிதங்கள் இருந்தால் அவற்றின் நகல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் குறிப்புப் பக்கங்களும் தகவல்தான், வெறும் குறிப்பு என்று சொல்லி அவற்றை மறுக்க முடியாது. நீண்ட முன்னுரை, கோபம், "நாடே சீரழிகிறது" என்ற வரிகள் எதுவும் வேண்டாம். கோபம் நியாயமானது, ஆனால் மனுவில் அது இடத்தைத்தான் அடைக்கும். மத்திய அரசின் விதியில் மனு பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றே உண்டு. மாநில அலுவலகத்துக்கும் அந்த அளவை வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் எழுதலாம். அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் மனுச் செய்ய பிரிவு 6(1) இடம் தருகிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் (இந்த மனுக்களை வாங்கிப் பதில் தர அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவர்) உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு மனுவிலேயே 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அஞ்சல் ஆணை எடுக்கலாம், அல்லது இணைய வழியில் கட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்றின் நகலை இணைக்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். எந்த அலுவலகம் என்று தெரியாமல் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம். அதை 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை, பிரிவு 6(3). "எங்களுக்கு சம்பந்தமில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் பத்திரமாக வையுங்கள்.

நகலைவிட நான் அதிகம் நம்புவது நேரில் பார்வையிடுவதைத்தான். பிரிவு 2(ஜே) இந்த உரிமையைத் தருகிறது: பதிவேடுகளைப் பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம், வேலை நடந்த இடத்தையே ஆய்வு செய்யலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடக் கேட்கலாம். சாலையைப் பொறுத்தவரை அந்த மாதிரி என்பது வெட்டியெடுத்த தார் கலவைத் துண்டுதான். நகல் கேட்டால் அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கங்கள் மட்டும் வந்து சேரலாம். கோப்பையே மேசையில் வைத்துப் புரட்டினால், நீங்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத காகிதம் ஒன்று கண்ணில் படும். மத்திய அரசு விதிப்படி முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதன் பிறகு மணிக்கு 5 ரூபாய். போகும்போது விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. எந்தெந்தக் கோப்பைப் பார்த்தீர்கள், எத்தனை பக்கம் இருந்தது, எந்தப் பக்கங்களின் நகல் கேட்டீர்கள் என்று எழுதி, அங்கேயே ஒரு பிரதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சாலை போன்ற பொது விஷயத்துக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். சொந்த வேலை ஒன்று அலுவலகத்தில் சிக்கிக் கிடக்கும்போது, எனக்குத் தெரிந்து, இதைவிட வேகமாகக் கோப்பை நகர்த்தும் வழி வேறில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தார். "மேலே போயிருக்கிறது", "கீழே வரவில்லை" என்ற பதில்தான். நான் எழுதிக் கொடுத்த மனுவில் "ஏன் தாமதம்" என்ற கேள்வியே கிடையாது. அவர் மனு எந்தத் தேதியில் எந்த ந.க. எண்ணில் (அலுவலகம் மனுவுக்குக் கொடுக்கும் கோப்பு எண்) பதிவானது, அன்றிலிருந்து எந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அதைக் காட்டும் தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல், இப்படிப்பட்ட மனுவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற அரசாணையின் நகல், இவ்வளவுதான். தன்பதிவேடு என்பது ஒவ்வொரு எழுத்தரும் தன்னிடம் வந்த தபாலையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் பதியும் பேரேடு. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால், கோப்பு யார் மேசையில் தூங்கியது என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். மூன்றாவது வாரமே பாட்டியை அழைத்து, விட்டுப்போன ஒரு விசாரணை அறிக்கையை வாங்கி, ஆணை கொடுத்துவிட்டார்கள். நகல் வரவே இல்லை. பாட்டியும் அதைக் கேட்கவில்லை.

அப்புறம், நாள் கணக்கு. இதில் தவறினால் நல்ல மனுவும் வீணாகிவிடும். மனு கிடைத்த 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். 30 நாள் தாண்டினால் மறுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, அதன் பிறகு தரும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, பிரிவு 7(6). பதில் வராவிட்டாலும் வந்த பதில் சரியில்லை என்றாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே உள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாளில், காரணம் சொன்னால் அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மாநில அலுவலகம் என்றால் தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய அலுவலகம் என்றால் மத்தியத் தகவல் ஆணையம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். ஆணையத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. பிரிவு 18-இல் புகார், பிரிவு 19-இல் மேல்முறையீடு. புகார் என்ற சொல் கனமாகத் தெரிவதாலும், முதல் மேல்முறையீடு போடாமலே நேராகப் போகலாம் என்பதாலும் பலர் 18-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் புகாரை விசாரிக்கும் ஆணையம் அலுவலருக்கு அபராதம் போடலாமே தவிர, தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இது தெரியாமல் ஒரு கட்டட அனுமதி விஷயத்தில் புகார் போட்டு, ஒன்றரை ஆண்டு காத்திருந்து, காகிதம் ஒன்றுகூடக் கைக்கு வராமல் திரும்பினேன். ஆவணம் வேண்டுமென்றால் 19-தான் வழி. அபராதத்தையும் அந்த மேல்முறையீட்டிலேயே கேட்கலாம்: நாளுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000 ரூபாய், சம்பந்தப்பட்ட அலுவலர் தன் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியது. தகவல் அலுவலர் கேட்டும் வேறொரு அதிகாரி ஆவணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் பொறுப்பு அந்த அதிகாரிக்கு மாறும் என்று பிரிவு 5(5) சொல்கிறது. எம்-புக்கைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு தராத பொறியாளருக்கும் இது பொருந்தும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமையும் அலுவலர் மேல்தான், பிரிவு 19(5). நீங்கள் வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டைத் தாண்டியும் ஆகிறது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைக்கவில்லை, அது அதன் பெரிய குறை. ஆணையர்களின் பதவிக்காலம், ஊதியம் இரண்டையும் மத்திய அரசே தீர்மானிக்கும்படி 2019-இல் சட்டத்தைத் திருத்தியது இன்னொரு அடி. அதனால்தான் முதல் மனுவையே மறுக்க இடமில்லாதபடி எழுதுவதில் இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன். ஆணையம் வரை போகாமல் வாங்கும் தகவல்தான் காலத்தில் உதவும்.

மறுப்பு எந்தெந்த வடிவில் வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "தகவல் மிக அதிகம், திரட்டினால் அலுவலகப் பணி பாதிக்கும், பிரிவு 7(9)" என்று எழுதுவார்கள். அந்தப் பிரிவு தகவலை மறுக்கச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட வடிவில் தருவது கடினம் என்றால் வேறு வடிவில் தரலாம் என்றுதான் சொல்கிறது. "சரி, நேரில் வந்து பார்க்கிறேன்" என்று பதில் எழுதிவிடுங்கள். "கோப்பு கிடைக்கவில்லை" என்று வந்தால், அது சட்டத்தில் உள்ள விலக்கே இல்லை. முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யார் என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. "எதற்காகக் கேட்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2). 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்ற பொருளில் சில வரிகள் வந்தன. அவை சட்டத்துக்கு முரணானவை என்று உணர்ந்து, சில நாளிலேயே நீதிமன்றம் தானாகவே அவற்றை நீக்கியது. இன்னும் அந்தப் பழைய வரிகளைக் காட்டி மறுக்கும் அலுவலகம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

"ஒப்பந்ததாரர் மூன்றாம் தரப்பு, அவர் சம்மதிக்கவில்லை" என்ற பதில் உங்கள் விஷயத்தில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. மூன்றாம் தரப்பிடம் கருத்துக் கேட்கத்தான் பிரிவு 11 சொல்கிறது, முடிவு எடுக்க வேண்டியது அலுவலர். அரசுப் பணத்தில் போட்ட சாலைக்கான ஒப்பந்தம், வேலை முடிந்து பில் வாங்கிய பிறகு, வணிக ரகசியம் ஆகாது. தப்பித்தவறி ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும், பிரிவு 10.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பிரிவு 8(1)(ஜே). தனிநபர் தகவல் பற்றிய விலக்கு இது. முன்பு இதில் ஒரு சமநிலை இருந்தது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தகவலை மட்டுமே மறுக்கலாம், அதையும் பொதுநலன் இருந்தால் தரலாம், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்று இருந்தது. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு, "தனிநபர் தகவல்" என்ற அளவிலேயே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு பெயர் இருந்தாலே அது தனிநபர் தகவல் என்று சொல்லிவிட முடியும். கோட் கிரானாவில் அன்று ஊர் நடுவே படித்த வருகைப் பட்டியல் முழுக்கப் பெயர்கள்தானே? அந்தப் பெயர்கள் இல்லாமல் இறந்தவருக்குக் கூலி போனதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

ஆனால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பெரிதென்றால் விலக்கையும் மீறித் தரலாம் என்பது அது. பிரிவு 4(1)(பி)-யும் இருக்கிறது. யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அது சொல்கிறது. அதிகாரிகளின் மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம் எல்லாம் அதில் உண்டு. ஆகவே எம்-புக்கில் கையெழுத்திட்டவர் பெயர் தனிநபர் தகவல் என்று சொல்லி மறுத்தால், அவர் கையெழுத்திட்டது பொது ஊழியராக, பொதுப் பணத்துக்கு என்பதைச் சொல்லி, 8(2)-ஐயும் மேற்கோள் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது இன்னும் நல்லது: "இந்தச் சாலை பொதுப் பயன்பாட்டுக்குப் பொது நிதியில் அமைக்கப்பட்டது, விவரங்களை வெளியிடுவதில் பொதுநலன் உள்ளது." காரணம் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்னேன். தேவையில்லைதான், ஆனால் இந்தத் திருத்தத்துக்குப் பிறகு சொல்லி வைப்பது உதவுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தகவல் கேட்டதற்காக இந்த நாட்டில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். 2010-இல் புனே அருகே நில மோசடிகளை வெளியே கொண்டுவந்த சதீஷ் ஷெட்டியும், குஜராத்தின் கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கத்தை எதிர்த்த அமித் ஜேத்வாவும் கொல்லப்பட்டார்கள். ஊருக்குள் ஒப்பந்ததாரர் யாரென்று தெரிந்த சூழலில் தனியாகக் கேட்பதைவிட நாலைந்து பேர், ஆளுக்கொரு ஆவணமாகத் தனித்தனி மனுப் போடுவது பாதுகாப்பானது. ஒருவரை மிரட்டி மனுவைத் திரும்பப் பெற வைத்தாலும் மற்றவை நிற்கும். வீட்டு முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம். அதை ஏற்க வேண்டும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது, மத்திய அரசும் அதைச் சுற்றுக்கு விட்டிருக்கிறது.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். வந்த பதிலை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டாம். விளக்கம் கேட்ட மனுவை வைத்துக்கொண்டு மேலே போனாலும் அதே பதில்தான் வரும். இன்னொரு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, மேலே சொன்னபடி புது மனு எழுதுங்கள். கடைசியில், "கோப்பையும் அளவுப் புத்தகத்தையும் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாள் குறித்துக் கடிதம் வந்ததும், போவதற்கு முன்பு, தெருவில் பெயர்ந்து கிடக்கும் தார்த் துண்டுகளில் நாலைந்தை எடுத்து, அருகில் அளவுகோல் வைத்து, இடம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் எம்-புக் கைக்கு வந்தவுடன் பில் தொகையைத் தேடாதீர்கள். கனம் எழுதியிருக்கும் பத்தியை முதலில் பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.